நார்டெல் ஏலமும் ராஜகோபால ஐயங்காரின் கேள்வியும்

2011 ஜூன் கடைசி வாரத்தில் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் அலுவலகத்தில் ஏலம் ஒன்று நடந்தது. ஏலத்துக்கு வந்தவை சுமார் 6,000 காப்புரிமைகளும் விண்ணப்பங்களும். அவை நார்டெல் என்ற கனடியத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அது திவாலாகிக் கலைந்துகொண்டிருந்தது. கூகுள் ஏப்ரலிலேயே 90 கோடி டாலர் தருவதாக எழுதிக் கொடுத்து, ஏலத்தின் தொடக்க விலையை நிறுவியிருந்தது.

ஏலம் சூடு பிடித்ததும் கூகுள் கேட்ட விலைகள் மற்றவர்களைக் குழப்பின. ஒரு முறை 190,21,60,540 டாலர். இன்னொரு முறை 261,49,72,128 டாலர். யாரும் இப்படி ஒற்றை டாலர் வரை எண்ணி ஏலம் கேட்பதில்லை. முதலாவதின் இலக்கங்கள் கணிதத்தில் புரூன் மாறிலி என்ற எண்ணுடையவை, இரண்டாவதின் இலக்கங்கள் மைசல்-மெர்ட்டென்ஸ் மாறிலியுடையவை. கடைசிக் கட்டத்தில் கூகுள் பை-யின் மதிப்பையே விலையாகக் கேட்டது: 3.14159 என்பதை நூறு கோடியால் பெருக்கினால் வரும் தொகை. அதுவும் போதவில்லை. ஆப்பிள், மைக்ரோசாப்ட், சோனி, எரிக்சன், பிளாக்பெர்ரி போன்களைச் செய்த ரிம், இஎம்சி ஆகியவை கூட்டாகச் சேர்ந்து 450 கோடி டாலருக்கு மொத்தத்தையும் எடுத்தன. ஆப்பிள் மட்டும் போட்டது 260 கோடி.

கூகுள் விளையாடியதா, அலட்சியம் காட்டியதா என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதைவிட வேறொரு கணக்குதான் உறுத்தியது. நார்டெல்லின் இயங்கிக்கொண்டிருந்த பிரிவுகள், அதாவது பொறியாளர்கள், வாடிக்கையாளர்கள், ஒப்பந்தங்கள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அதற்கு முன்பே தனித்தனியாக விற்கப்பட்டிருந்தன. கைபேசி வலைப்பின்னல் பிரிவின் பெரும்பகுதி எரிக்சனுக்கு, அலுவலகத் தொலைபேசிப் பிரிவு அவாயாவுக்கு. அவை எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்தக் காகிதங்களின் விலை வரவில்லை. பொருள் செய்யும் நிறுவனத்தைவிட, அந்தப் பொருளைப் பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமைக்குச் சந்தையில் விலை அதிகம் என்று அந்த ஏலம் பகிரங்கமாகச் சொன்னது.

தொலைத்தொடர்பு மென்பொருளில் பல காலம் வேலை பார்த்தவன் என்பதால் நார்டெல் எனக்கு அந்நியமான பெயர் இல்லை. அவர்களுடைய டிஎம்எஸ்-100 சுவிட்சின் கையேடுகளைப் படித்துத்தான் எங்கள் தலைமுறையில் பலர் தொலைபேசி இணைப்பகம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டோம். 1895இல் மான்ட்ரியலில் தொடங்கிய நிறுவனம் அது. 2000ஆம் ஆண்டில் டொரான்டோ பங்குச் சந்தையின் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்துடையதாக இருந்தது. 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. ஓய்வூதியம் குறைந்துபோன முன்னாள் ஊழியர்களும் மற்ற கடன்காரர்களும் விற்ற பணத்தைப் பிரித்துக்கொள்ளும் சண்டை முடிய 2017 ஆயிற்று. அதுவரை வழக்கறிஞர்களுக்குத் தடையின்றிப் பணம் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவு விலை ஏன் என்று புரிய, காப்புரிமை என்பது உண்மையில் எந்த உரிமை என்று பார்க்க வேண்டும். காப்புரிமை இருந்தால் அந்தப் பொருளைச் செய்யலாம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படி இல்லை. பிறர் செய்வதைத் தடுக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் ஒரு கைபேசி ஆன்டெனாவை மேம்படுத்திக் காப்புரிமை வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கைபேசியின் மற்ற பாகங்களுக்குக் காப்புரிமை வைத்திருக்கும் நூறு பேரில் யார் வேண்டுமானாலும் உங்கள் ஆன்டெனா கடைக்கு வராமல் தடுத்துவிட முடியும். ஆளுக்கு ஒரு தடை உத்தரவைக் கையில் வைத்திருக்கும் இடத்தில், யாரிடம் அதிகத் தடைகள் இருக்கின்றனவோ அவர் கை ஓங்கும். 2011இல் ஆண்ட்ராய்டு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது; கூகுளிடமோ காப்புரிமைகள் குறைவு. பை-யின் மதிப்பு வரை அது போனதற்குக் காரணம் இதுதான்.

ஏலத்தில் தோற்ற கூகுள் ஆறு வாரங்களில் மோட்டரோலாவின் கைபேசி நிறுவனத்தையே 1,250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதனுடன் சுமார் 17,000 காப்புரிமைகள் வந்தன. மூன்று ஆண்டுகளுக்குள், 2014இல், கைபேசித் தொழிலை மட்டும் லெனோவோவுக்கு 291 கோடிக்குத் தள்ளிவிட்டு, காப்புரிமைகளில் பெரும்பாலானவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 800 காப்புரிமைகளை 100 கோடி டாலருக்கு மேல் மைக்ரோசாப்டுக்கு விற்றது. மைக்ரோசாப்ட் அதே மாதத்தில் அவற்றில் பெரும்பகுதியை 55 கோடிக்கு ஃபேஸ்புக்குக்குக் கைமாற்றியது. ஃபிலிம் உலகின் அரசனாக இருந்த கோடாக், திவாலான பிறகு, தன் படமெடுக்கும் காப்புரிமைகளை விற்றுத்தான் கடன்காரர்களிடமிருந்து தப்பியது. இவற்றில் எந்த விற்பனையாலும் உலகத்தில் ஒரு புதிய பொருள் வரவில்லை.

நார்டெல் காப்புரிமைகளை வாங்கிய கூட்டு என்ன செய்தது என்பதுதான் கதையின் முக்கியமான பாகம். சுமார் 2,000 காப்புரிமைகளைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். மீதி 4,000 ‘ராக்ஸ்டார்’ என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. அதற்கு ஒட்டாவாவில் ஒரு பொறியாளர் குழு இருந்தது. பலர் பழைய நார்டெல் ஊழியர்கள். அவர்களுடைய அன்றாட வேலை, சந்தைக்கு வரும் கருவிகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளே தங்கள் காப்புரிமைக்குள் அடங்கக்கூடியது எதாவது இருக்கிறதா என்று தேடுவது. ஒரு காலத்தில் அதே கைகள் அந்தத் தொழில்நுட்பங்களை உருவாக்கின. வேலை போய்விட்ட ஊரில் கிடைத்த வேலையைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் வழக்குக்குச் சாட்சி தேடும் கூடம் வந்து உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

ஆப்பிளும் மைக்ரோசாப்டும் சில காப்புரிமைகளை நியாயமான கட்டணத்துக்கு உரிமம் தருவோம் என்று அமெரிக்க நீதித் துறையிடம் வாக்களித்திருந்தன. ராக்ஸ்டாரின் தலைவரோ, நாங்கள் தனி நிறுவனம், அந்த வாக்குறுதி எங்களுக்குப் பொருந்தாது என்று 2012இல் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகவே சொன்னார். 2013 அக்டோபர் 31 அன்று கூகுள் மீதும், சாம்சங், எல்ஜி, எச்டிசி, ஹுவாவே உள்ளிட்ட ஆண்ட்ராய்டு கைபேசி நிறுவனங்கள் மீதும் ராக்ஸ்டார் வழக்குத் தொடுத்தது. ஆப்பிளும் மைக்ரோசாப்டும் தங்கள் பெயரில் போட்டிருந்தால் எதிர்வழக்கு வந்திருக்கும். ராக்ஸ்டார் எதையும் தயாரிக்கவில்லை. அதன் மீது எந்தக் காப்புரிமையை எடுத்து வழக்குப் போடுவது?

ஓராண்டு கழித்து, 2014 டிசம்பரில், அந்த 4,000 காப்புரிமைகளையும் ஆர்பிஎக்ஸ் என்ற நிறுவனம் 90 கோடி டாலருக்கு வாங்கியது. பணம் கொடுத்தவர்கள் கூகுளும் சிஸ்கோவும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள். 90 கோடி! மொத்தத்துக்கும் கூகுள் முதன்முதலில் எழுதிக் கொடுத்த அதே தொகை.

தயாரிப்பதையும் தடுப்பதையும் பிரித்து வைத்துக்கொள்வது இந்த நூற்றாண்டின் தந்திரம் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் செல்டன் என்ற வழக்கறிஞர் 1879இல் ‘சாலை வண்டி’ ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பிறகு விண்ணப்பத்தைத் திருத்தித் திருத்தி, சட்டம் அனுமதித்த அளவுக்கு இழுத்தடித்தார். அந்தக் காலத்தில் காப்புரிமையின் ஆயுள் வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டு. கார்த் தொழில் பிறக்கும்வரை காத்திருப்பவனுக்குத்தான் லாபம். 1895இல் அது வழங்கப்பட்டபோது அவர் ஒரு கார்கூடச் செய்து ஓட்டியிருக்கவில்லை. கார் உற்பத்தியாளர்கள் பலர் சங்கமாகச் சேர்ந்து, செல்டனுக்குப் பணம் கட்டி, அந்தக் காப்புரிமையைத் தங்கள் வாயிற்காவலாக ஆக்கிக்கொண்டார்கள். சங்கத்தில் சேராதவர் கார் செய்யக் கூடாது என்பது ஏற்பாடு. சேர்த்துக்கொள்ளப்படாதவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு.

சங்கம் ஃபோர்டு மீது வழக்குப் போட்டதுடன் நிற்கவில்லை. உரிமம் பெறாத காரை வாங்குபவர்கள் மீதும் வழக்கு வரும் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. ஃபோர்டு பதிலுக்கு, வழக்கு வந்தால் நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்று வாங்குபவர்களுக்கு உறுதிப்பத்திரம் கொடுத்தார். 1909இல் கீழ் நீதிமன்றத்தில் ஃபோர்டு தோற்றார். 1911 ஜனவரியில் மேல்முறையீட்டில் வென்றார்: செல்டனின் காப்புரிமை செல்லும், ஆனால் அது பிரேட்டன் வகை எஞ்சினுக்கு மட்டுந்தான், ஃபோர்டும் மற்றவர்களும் பயன்படுத்துவது வேறான ஓட்டோ வகை எஞ்சின் என்றது நீதிமன்றம். காப்புரிமை காலாவதியாக அப்போது பாக்கி இருந்தது சுமார் இரண்டு ஆண்டு. ஃபோர்டிடம் எட்டு வருடம் வழக்காடப் பணமும் பிடிவாதமும் இருந்தன. இல்லாதவர்கள் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்தத் தொழிலின் இயக்கம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கை விசாரணை வரை கொண்டுபோய் எதிர்த்து நிற்கப் பல லட்சம் டாலர் ஆகும். பெரிய வழக்கென்றால் பல பத்து லட்சம். பெரும்பாலும் அவரவர் செலவு அவரவர்க்கு. வென்றாலும் திரும்பி வராது. ஆகவே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எதிர்த்து நிற்கும் செலவைவிடக் கேட்ட தொகை குறைவா என்பதுதான் கேள்வி. குறைவாகவே கேட்பார்கள். அது தெரிந்துதான் கேட்பார்கள்.

டெக்சஸ் மாநிலத்தின் கிழக்கே மார்ஷல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை இருபத்துச் சொச்சம் ஆயிரம். 2015இல் அமெரிக்கா முழுவதும் தாக்கலான காப்புரிமை வழக்குகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்த ஊர் அடங்கிய கிழக்கு டெக்சஸ் மாவட்ட நீதிமன்றத்தில்தான் போடப்பட்டன. வழக்கு வேகமாக விசாரணைக்கு வரும், தொடக்கத்திலேயே தள்ளுபடி ஆவது அரிது, தீர்ப்புச் சொல்ல உள்ளூர் மக்களிலிருந்து எடுக்கப்படும் ஜூரிகள் காப்புரிமை வைத்திருப்பவர் பக்கம் சாய்பவர்கள் என்ற பெயர் அந்த ஊருக்கு இருந்தது. ராக்ஸ்டாரும் அங்கேதான் போனது. அதன் அலுவலகம் அதே மாவட்டத்தைச் சேர்ந்த பிளேனோ நகரில் இருந்தது. மார்ஷலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் பூட்டிய அறைகள் பல நிறுவனங்களின் தலைமையகங்களாக இருந்தன. அடிக்கடி வழக்குகளில் மாட்டிய சாம்சங், நீதிமன்றத்துக்கு எதிரிலேயே ஊர்க்காரர்கள் சறுக்கி விளையாடப் பனித்தளம் அமைக்கப் பணம் கொடுத்தது. நாளைய ஜூரி இன்றைக்குப் பனியில் சறுக்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா! 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்கை எந்த மாவட்டத்தில் போடலாம் என்பதற்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு மார்ஷலின் கூட்டம் குறைந்தது. குறைந்த கூட்டத்தில் ஒரு பகுதி அதே மாநிலத்தின் வேக்கோ நகருக்கு நகர்ந்தது.

வேக்கோவில் 2021 மார்ச்சில் ஒரு ஜூரி, இன்டெல் நிறுவனம் 218 கோடி டாலர் தர வேண்டும் என்றது. கேட்டது விஎல்எஸ்ஐ டெக்னாலஜி. பழைய சிப் நிறுவனம் ஒன்றின் பெயரை வைத்துக்கொண்ட, எதையும் தயாரிக்காத நிறுவனம் அது. காப்புரிமைகள் வேறு கைகளிலிருந்து வந்தவை. பின்னால் பணம் போட்டிருந்தது ஃபோர்ட்ரெஸ் என்ற முதலீட்டு நிறுவனம். 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. ஆனாலும் இதைப் போன்ற வழக்குகளுக்கு முதலீடு வருவது நிற்கவில்லை. வழக்கே ஒரு சொத்து; அது ஜெயிக்கும் நிகழ்தகவை வைத்து விலை போடுகிறார்கள்.

பெரியவர்கள் பெரியவர்களுடன் சண்டை போட்டுக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். சிறியவர்களிடமும் வருகிறார்கள். 2012, 2013 வாக்கில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சிறிய அலுவலகங்களுக்குக் கடிதம் வரத் தொடங்கியது. காகிதத்தை ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்பும் வசதி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா? அப்படியானால் எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள்; ஊழியர் ஒருவருக்குச் சுமார் ஆயிரம் டாலர் வீதம் கட்டுங்கள். எம்பிஎச்ஜே என்ற நிறுவனமும், வாயில் நுழையாத ஆறெழுத்துப் பெயர்கள் கொண்ட அதன் துணை நிறுவனங்களும் அனுப்பியவை இவை. ஸ்கேனர் செய்த நிறுவனத்தைக் கேட்கவில்லை, அதைக் கடையில் வாங்கி மேசைமேல் வைத்தவரைக் கேட்டார்கள். செல்டன் சங்கத்தின் விளம்பரம் நூறு ஆண்டு கழித்துத் தபாலில் வந்தது. 16,000க்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களுக்குக் கடிதம் போனது. இரண்டு வாரத்தில் வழக்கு என்று மிரட்டிய கடிதங்களும் அவற்றில் உண்டு. அந்த மிரட்டலின்படி வழக்கு எதுவும் போடப்படவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் பின்னர் கண்டறிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் வந்ததால் கோபமடைந்த வெர்மான்ட் மாநிலம், 2013 மே மாதத்தில் எம்பிஎச்ஜே மீது வழக்குப் போட்டது. பொய்யான காப்புரிமை மிரட்டலுக்கு எதிராக நாட்டிலேயே முதல் சட்டத்தையும் அந்தச் சின்ன மாநிலமே கொண்டுவந்தது.

ஸ்கேன் செய்து அனுப்புவது எப்படி ஒருவருடைய சொத்தாகும் என்று கேட்பவர்கள் காப்புரிமை ஆவணம் ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும். என் பெயரும் ஒரு காப்புரிமையில் இருக்கிறது, நால்வரில் மூன்றாவதாக. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில், யோசனையை எழுதிக் கொடுத்தால் ஒரு தொகை, விண்ணப்பித்தால் ஒரு தொகை, வழங்கப்பட்டால் கண்ணாடிப் பலகையில் பெயர். நாங்கள் எழுதிக் கொடுத்தது இணைப்பு அறுந்தால் செய்திகளை வரிசையில் காத்து வைக்கும் ஒரு சிறிய உத்தி. வழக்கறிஞர் எழுதி வந்த உரிமைக் கோரிக்கையில் அந்த உத்தியைக் காணவில்லை. ‘ஒரு முதல் கணு’, ‘ஒரு இரண்டாம் கணு’, ‘ஒரு நினைவகம்’, அவற்றுக்கிடையே ‘பரிமாறும் வழிமுறை’. உலகத்தில் பாதி மென்பொருளை அதற்குள் போட்டு மூடலாம். நன்றாக எழுதியிருக்கிறார் என்று எங்கள் மேலாளர் மகிழ்ந்தார். வீட்டுமனைக்குப் பட்டா இருந்தால் நான்கு பக்கமும் அளவுக்கல் இருக்கும், சர்வேயர் வந்து சங்கிலி பிடிப்பார். இங்கே பட்டா உண்டு, கல் கிடையாது. எல்லை எங்கே என்று வழக்கு நடந்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். புதிதாகச் சேருபவர்களுக்கு நடக்கும் சட்ட வகுப்பில், மற்ற நிறுவனங்களின் காப்புரிமைகளைப் படிக்காதீர்கள் என்றார்கள். காரணம் எளிது. தெரிந்தே மீறினால் அமெரிக்க நீதிமன்றம் நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். படித்ததற்குச் சாட்சி இல்லையென்றால் தெரிந்தே மீறியதாகச் சொல்வது கடினம். கண்டுபிடிப்பை உலகத்துக்குச் சொல்லிக்கொடு, பதிலுக்கு இருபது ஆண்டு தனியுரிமை தருகிறோம் என்பதுதான் அரசு கண்டுபிடிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம். சொல்லிக்கொடுத்ததைப் படிக்கக் கூடாது என்று பொறியாளர்களுக்கே அறிவுரை சொல்லும் நிலை வந்தபின், அந்த ஒப்பந்தத்தில் பொதுமக்கள் பக்கத்துக்கு என்ன மிஞ்சுகிறது?

தயாரிக்காதவர் எல்லாரும் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, வைஃபை தொடர்பான தன் காப்புரிமைக்காக உலகின் பெரிய கணினி நிறுவனங்களிடம் வழக்காடி 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கியது. அதுவும் டெக்சஸ் நீதிமன்றத்துக்குத்தான் போனது. ஆனால் அங்கே ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது, ஆய்வாளர்கள் இருந்தார்கள், வந்த பணத்தின் ஒரு பகுதி திரும்ப ஆய்வுக்கே போனது. கண்டுபிடித்தவர் தொழிற்சாலை வைக்கவில்லை என்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது என்பது கொடுமை. என் சண்டை, கண்டுபிடித்தவரும் இல்லாமல் தயாரிப்பவரும் இல்லாமல் நடுவில் தடை உத்தரவை மட்டும் வாங்கி விற்பவருடன்.

எதையும் தயாரிக்காதவர் கையில் காப்புரிமை என்ன செய்கிறது என்ற கேள்வியை நம் ஊர்க்காரர் ஒருவர் 1959லேயே எழுப்பிவிட்டார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ந. ராஜகோபால ஐயங்காரிடம், 1911ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலத்துக் காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று ஆராயும் பணியை 1957இல் மத்திய அரசு ஒப்படைத்தது. அவர் அறிக்கை இரண்டு ஆண்டில் வந்தது. அவர் முதலில் எண்ணிப் பார்த்தது, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகள் யாரிடம் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இங்கே உற்பத்தியில் இருக்கின்றன என்பதைத்தான். 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினரிடம் இருந்தன. அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் பயன்படுத்தப்படவே இல்லை. இங்கே எதையும் செய்யாமல், செய்ய நினைப்பவரையும் தடுத்து, இறக்குமதிக்குச் சந்தையைக் காவல் காக்கும் வேலையைத்தான் அவை செய்துகொண்டிருந்தன. நார்டெல் ஏலம் நடக்க அரை நூற்றாண்டுக்கு முன்பே, தயாரிக்காதவர் கையிலிருக்கும் காப்புரிமை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1970ஆம் ஆண்டுச் சட்டம். மருந்தின் செய்முறைக்குத் தரலாம், மருந்துக்கே பொருள் காப்புரிமை கிடையாது என்ற அதன் விதி பிரபலம்; 2005இல் உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனையால் அது போய்விட்டது. எனக்குப் பிடித்தவை அதிகம் பேசப்படாத பிரிவுகள். 106ஆம் பிரிவின்படி, ஆதாரமில்லாமல் காப்புரிமை வழக்கு என்று மிரட்டினால் மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். வெர்மான்ட் 2013இல் தேடியதற்கு நெருக்கமானது நம் சட்டப் புத்தகத்தில் முன்பே இருக்கிறது. 146ஆம் பிரிவு, காப்புரிமை வைத்திருப்பவர் அதை இந்தியாவில் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார் என்று அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்கான படிவத்தின் எண் 27.

இந்தியாவில் இந்த ஆயுதம் சுழற்றப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். 2007 டிசம்பரில் ஓசூர் டிவிஎஸ் நிறுவனம் ஃபிளேம் என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட எங்கள் எஞ்சின் காப்புரிமையை அது மீறுகிறது என்றது பஜாஜ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒரு பிளக்கை எடுத்துவிட்டு வண்டியை விற்றது. 2009 மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் இடைக்காலத் தடையைப் பற்றியே சண்டை நடக்கிறது, மூல வழக்கை நாள்தோறும் விசாரித்து முடியுங்கள் என்று கடிந்துகொண்டது. 2019இல் இரு நிறுவனங்களும் சமாதானமாகிவிட்டன. யார் பக்கம் நியாயம் என்று கடைசி வரை தீர்ப்பு வரவில்லை. அதற்குள் ஃபிளேம் சந்தையிலிருந்தே போய்விட்டிருந்தது.

மதுரையைச் சேர்ந்த ஒருவருக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட சிம் போடும் கைபேசிக்கு 2008இல் காப்புரிமை கிடைத்தது. அவர் அதைச் சுங்கத் துறையில் பதிவு செய்தார். விளைவு, வெளிநாட்டிலிருந்து வந்த இரட்டை சிம் கைபேசிகள் விமான நிலையங்களில் நின்றன. ஒரு கைபேசியைக் கையில் எடுத்துப் பார்த்து அது காப்புரிமையை மீறுகிறதா என்று சுங்க அதிகாரி எப்படித் தீர்மானிப்பார்? 2012இல் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. 2018இல் சுங்க விதிகளிலிருந்தே காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு, தாமதமாக.

படிவம் 27க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது ஒரே ஒரு முறை முழுப் பலத்துடன் வேலை செய்ததை நாம் பார்த்திருக்கிறோம். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்தை பேயர் நிறுவனம் மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாதைச் சேர்ந்த மருந்து நிறுவனமான நாட்கோ, கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமின்றியே அந்த மருந்தைச் செய்ய அனுமதி, கேட்டு விண்ணப்பித்தது. 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் உரிமம் வழங்கினார். மாதச் செலவு 9,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. பேயர் எத்தனை நோயாளிகளுக்குப் போதுமான மருந்தை இறக்குமதி செய்தது என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில், பேயரே தாக்கல் செய்திருந்த படிவம் 27இன் எண்களும் இருந்தன. காப்புரிமை வைத்திருப்பவரின் சொந்தக் கையெழுத்தில் அவருக்கெதிரான கணக்கு.

பலர் அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்புவதே இல்லை என்று காட்டி, சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2015இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். படிவத்தைக் கடுமையாக்கி, தவறியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. வழக்கின் முடிவில் படிவத்தைத் திருத்துவதாக அரசு ஒப்புக்கொண்டது. 2020இல் திருத்தமும் வந்தது. எத்தனை அலகு தயாரித்தீர்கள், எத்தனை இறக்குமதி செய்தீர்கள் என்ற எண்ணிக்கைக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். நாட்கோ வழக்கில் பயன்பட்ட அதே கேள்வி. 2023இல் பொய்த் தகவல் தருவதற்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில், ஆண்டுக்கொரு முறை தர வேண்டிய கணக்கை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தந்தால் போதும் என்று விதி மாறியது. தொழில் செய்வதை எளிதாக்க என்றுதான் காரணம் சொன்னார்கள். யார் செய்யும் தொழில் என்று மட்டும் சொல்லவில்லை.